உயரம் அளந்த பிறகு: சிறைக் காவலர் வேலைக்கு உண்மையில் தேவைப்படுபவை

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே தேர்வை வைத்துத்தான் இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர் ஆகிய மூன்று வேலைகளுக்கும் ஆள் எடுக்கிறது. பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். வயது 18 முதல் 26 வரை, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. உயரம் ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர், பெண்களுக்கு 159. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167, 157. ஆண்களுக்கு மார்பளவு 81, மூச்சை இழுத்தால் 5 கூட வேண்டும். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியிலும் ஓடி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு: 80-க்கு 32 எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஊதிய விகிதம் 18,200 முதல் 67,100 ரூபாய் வரை. அறிவிக்கைக்கு அறிவிக்கை சிறு மாற்றங்கள் வரும் என்பதால், விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிக்கையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தேர்வைப் பற்றி இவ்வளவு போதும். அதற்கென்றே புத்தகங்கள் கடைகடையாகக் கிடக்கின்றன.

இந்த அத்தியாயம் தேர்வில் யாரும் அளக்காத விஷயங்களைப் பற்றியது. போலீஸ் ஆகும் ஆசையில் மைதானத்தைச் சுற்றி ஓடியவர்களில் ஒரு பகுதியினர் கடைசியில் சிறை வாசலில் வந்து நிற்கிறார்கள். உடுப்பு காக்கிதான், ஆனால் வேலை வேறு. போலீஸ்காரர் ஒரு குற்றவாளியைச் சில மணி நேரமோ சில நாளோ பார்ப்பார். பிடிப்பார், விசாரிப்பார், ஒப்படைப்பார், அத்தோடு சரி. நீங்கள் அதே மனிதரோடு மாதக்கணக்கில், ஆயுள் தண்டனை என்றால் வருடக்கணக்கில், ஒரே சுவருக்குள் இருக்க வேண்டும். அவர் சாப்பிடுவதையும் தூங்குவதையும் அழுவதையும் பார்ப்பீர்கள். அவரும் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கோபுரத்தில் பாரா நிற்பவரிடம் துப்பாக்கி இருக்கும். பிளாக்கின் உள்ளே நடமாடும் காவலரிடம் இருக்காது, மிஞ்சிப்போனால் ஒரு லத்தி. ஒரு பிளாக்கில் நூறு பேர் இருந்தால் அவர்களுக்கு நடுவே நீங்கள் ஒருவரோ இருவரோதான். ஆறு கைதிக்கு ஒரு காவலர் வேண்டும் என்று மாதிரிச் சிறைக் கையேடு சொல்கிறது. பணி அட்டவணையில் நீங்கள் பார்க்கப்போகும் விகிதம் அதுவாக இருக்காது. ஆகவே பலத்தைக் காட்டி அவர்களை அடக்குகிறேன் என்பது கணக்குக்கே ஒத்துவராது. நூறு பேரும் ஒத்துழைப்பதால்தான் கதவு சத்தமில்லாமல் பூட்டப்படுகிறது. அந்த ஒத்துழைப்பை எதை வைத்துப் பெறுகிறீர்கள் என்பதில்தான் இந்த வேலை முழுவதும் இருக்கிறது.

என் பதில் சுருக்கமானது: நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருங்கள். கைதிகள் கண்டிப்பான காவலரை வெறுப்பதில்லை. திங்கள்கிழமை சிரித்துப் பேசிவிட்டு செவ்வாய்க்கிழமை அதே செயலுக்கு அடிக்கப் போகிறவரைத்தான் வெறுக்கிறார்கள். இவனுக்கு ஒரு சட்டம், அவனுக்கு ஒரு சட்டம் என்று நடப்பவரையும் அப்படித்தான். உள்ளே இருப்பவருக்கு எதுவும் தன் கையில் இல்லை. எப்போது விளக்கணையும், எப்போது வக்கீல் வருவார், பிணை கிடைக்குமா என்று எதுவுமே தெரியாது. அந்த நிலையில் ஒரு காவலராவது எப்படி நடந்துகொள்வார் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதுவே அவருக்குப் பெரிய நிம்மதி. இந்தக் குணம் இருப்பவரை மற்றதெல்லாம் பழக்கிவிடலாம். இது இல்லாதவர் 170-க்கு மேல் எவ்வளவு வளர்ந்திருந்தாலும் பயனில்லை.

கணக்கு

முதல் வாரத்திலேயே உங்கள் காதில் அதிகம் விழும் சொல் இதுதான். காலையில் அறைகளைத் திறக்கும்போது ஒரு கணக்கு, மாலையில் பூட்டும்போது ஒரு கணக்கு, நடுவிலும் உண்டு. ஜோடி ஜோடியாக உட்கார வைத்து எண்ணுவார்கள். எண்ணிக்கை இடித்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஷிப்ட் முடிந்தவரும் நிற்க வேண்டும்.

இதில் என்ன கஷ்டம், எண்ணத் தெரியாதா என்று தோன்றும். ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் உங்கள் பிளாக்கில் 112 பேர். ஒன்பது பேரை ஆயுதப்படைப் போலீசார் வழிக்காவலுடன் நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். எட்டுப் பேர் திரும்பி வருகிறார்கள்; ஒருவரைப் போலீஸ் காவலில் எடுத்துவிட்டார்கள். பிணையில் மூன்று பேர் வெளியே போகிறார்கள். நெஞ்சுவலி என்று ஒருவர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். மாலையில் புதிதாக ஐந்து பேர் வருகிறார்கள். பூட்டும்போது எண்ணினால் 112. காலையிலும் 112, மாலையிலும் 112. சோம்பேறிக் காவலர் "கணக்கு சரி" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் ஐந்து பேர் வேறு ஆட்கள். அதில் ஒருவர் குடிப்பழக்கம் திடீரென்று நின்றுபோய்க் கை நடுங்குபவராக இருக்கலாம். இன்னொருவருக்கு அதே பிளாக்கில் பகையாளி இருக்கலாம். தலையை எண்ணினால் போதாது. முகத்தைப் பார்த்து எண்ணப் பழகுங்கள்.

விடுதலையிலும் இதே கவனம் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பது நம் ஊரில் சாதாரணம். தலைப்பெழுத்தும் ஒன்றாக அமைந்துவிடும். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து வருபவர் உரியவர்தானா என்று அப்பா பெயர், ஊர், வழக்கு எண், சேர்க்கையின்போது எழுதிய அங்க அடையாளம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடது புருவத்தில் தழும்பு என்று பதிவேட்டில் இருந்தால் தழும்பைப் பார்த்த பிறகுதான் கேட் திறக்க வேண்டும். ஆள் மாறி வெளியே போனால், வேலை போவது கேட்டில் இருந்தவருக்குத்தான்.

முதல் உதவி

வேலையை இழக்கும் காவலர்களில் யாரும் ஒரே நாளில் கெட்டுப் போவதில்லை. தொடக்கம் எப்போதும் இரக்கத்தில் இருக்கும். இரவு பாராவில் நிற்கும்போது கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"சார், அம்மாவுக்கு ஆபரேஷன் சார் இன்னிக்கு. நம்பர் தர்றேன். வெளிய போனதும் ஒரு போன் போட்டு, நல்லா இருக்காங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார். உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்."

அம்மா விஷயம் உண்மையாகவே இருக்கலாம். பெரும்பாலும் உண்மைதான். நீங்கள் போன் செய்துவிட்டால் உங்கள் நம்பர் வெளியே ஒருவரிடம் போய்விட்டது. அடுத்த வாரம் அந்த நம்பரிலிருந்து உங்களுக்கே அழைப்பு வரும். நன்றி சொல்லிவிட்டு, "தம்பிக்கு ஒரு பீடிக்கட்டு மட்டும்" என்பார்கள். மறுத்தால், "போன வாரம் பேசினீங்களே சார், அது ரூல்ஸா?" என்ற கேள்வி தயாராக இருக்கும். பீடி சிம் கார்டாகும், சிம் கார்டு கஞ்சாவாகும். சிறைக் காவலரே கஞ்சாவோடு பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம், அதன் ஆரம்பம் இப்படி ஏதோ ஒரு சின்ன விஷயமாக இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரியான பதில் இப்படி இருக்க வேண்டும்: "போன் நான் போட மாட்டேன்ப்பா. காலைல நலன் அலுவலர்கிட்ட உன் பேரை எழுதிக் குடுக்கறேன். அவர் மூலமா கேக்கலாம்." சொன்னபடி காலையில் எழுதிக் கொடுங்கள். மறந்துவிட்டால் அடுத்த முறை உங்கள் 'மாட்டேன்'-ஐயும் யாரும் நம்ப மாட்டார்கள். நேர்மையான காவலர் என்று பெயர் எடுக்க ஆசைப்படுபவர்களில் பலர் மறுப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முறையான வழியைக் காட்டி, அதைச் செய்தும் கொடுத்தால்தான் மறுப்புக்கு மரியாதை.

1894-ஆம் வருடச் சிறைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, கைதிகளோடு எந்தப் பணப் புழக்கமோ வியாபாரமோ சிறை ஊழியருக்கு இருக்கக் கூடாது என்கிறது. கடமை மீறலுக்கு 54-ஆம் பிரிவில் 200 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பழைய காலத்து அபராதத் தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். துறை நடவடிக்கையில் வேலை போகும். கஞ்சா என்றால் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பாயும், நீங்களே விசாரணைக் கைதியாக உள்ளே வருவீர்கள்.

சோதனை போடுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். செருப்பின் அடித்தட்டைப் பிளந்து ஒட்டியிருப்பார்கள். பந்துபோலச் சுற்றி மதிலுக்கு வெளியிலிருந்து வீசுவார்கள். உடம்புக்குள்ளேயே மறைத்து வருவதும் உண்டு. எதையும் விடாமல் பாருங்கள். ஆனால் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, குழந்தையின் போட்டோவை மிதித்துக்கொண்டு போவது சோதனை அல்ல. பார்த்த பொருளை இருந்த இடத்தில் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். அதற்குக் கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் அன்று இரவு உங்களுக்குத் தகராறில்லாமல் திரும்பிக் கிடைக்கும்.

கண்ணும் காதும்

2022-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, நாடு முழுவதும் சிறையில் இருந்த 5,73,220 பேரில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். நேற்று வரை கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தவர் இன்று உங்கள் முன்னால் சட்டையைக் கழற்றி நிற்பார். முதல் இரவு, முதல் வாரம் மிகவும் ஆபத்தானது. மனம் உடைந்தவர் கத்த மாட்டார், ஒரு மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பார். தொல்லை தராத கைதி என்று நாம் நிம்மதி அடைவது அவரைப் பார்த்துத்தான்.

கவனிக்க வேண்டிய நாட்கள் சில உண்டு: பிணை மனு தள்ளுபடியான நாள், தீர்ப்பு வந்த நாள், வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்த நாள். சிறையில் உறவினர் பார்க்க வருவதை 'மனு' என்பார்கள். வாராவாரம் மனு வந்தவருக்குத் திடீரென்று நின்றுபோனால் குறித்துக்கொள்ளுங்கள். தன் போர்வையையும் சோப்பையும் பக்கத்தில் இருப்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் கைதியிடம் அன்றே பேசுங்கள். பேச வேண்டியது பெரிய ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லை. "சாப்பிட்டியாப்பா? ஏன் தட்டு அப்படியே இருக்கு?" என்பது போதும். பிறகு ஜெயிலருக்கும் உளவியலாளருக்கும் எழுத்தில் தெரிவித்து, இரவு பாரா மாற்ற வருபவரிடம் அறை எண்ணோடு சொல்லிவிட்டுப் போங்கள். வாயால் சொன்னது மட்டும் ஆவணம் ஆகாது.

பகையும் அப்படித்தான், முன்கூட்டியே வாசனை அடிக்கும். 2021 ஏப்ரலில் பாளையங்கோட்டை மத்திய சிறையில், அன்றுதான் கிளைச் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் இளைஞர் சக கைதிகளால் அடித்துக் கொல்லப்பட்டார். சிறை ஊழியர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். புதிதாக ஒருவர் வரும்போது, "இங்க உனக்கு ஆகாதவங்க யாராவது இருக்காங்களா?" என்று தனியாகக் கேட்பது ஒரு நிமிட வேலை. பிறர் முன்னால் கேட்டால் "இல்ல சார்" என்றுதான் பதில் வரும்.

தென் மாவட்டச் சிறைகளில் சாதி பார்த்துப் பிளாக் பிரிப்பது பழைய வழக்கம். தகராறைத் தவிர்க்கத்தானே என்று அதற்கு நியாயம் சொல்லிக்கொண்டிருந்தோம். 2024 அக்டோபர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சுகன்யா சாந்தா வழக்கில், சிறைக்குள் சாதி அடிப்படையில் வேலை பிரிப்பதும் ஆட்களைப் பிரிப்பதும் அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. கைதிப் பதிவேடுகளில் சாதிக்கான பத்தியையே நீக்கச் சொன்னது. கழிவறை கழுவ யாரைக் கூப்பிடுகிறீர்கள், சமையலுக்கு யாரை அனுப்புகிறீர்கள் என்பதில் இனி உங்கள் வழக்கத்துக்கு இடமில்லை. உங்கள் சாதிக்காரர் ஒருவர் உள்ளே வந்தால், "நம்ம ஊரா சார் நீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். ஊர் பெயரைச் சொல்லலாம், அதற்குமேல் போக வேண்டாம்.

வதந்தியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். 1999 நவம்பர் 17 அன்று சென்னை மத்திய சிறையில், கைதி ஒருவர் இறந்துபோன செய்தி பரவியதும் வெடித்த கலவரத்தில் ஒரு துணை ஜெயிலர் கொல்லப்பட்டார். துப்பாக்கிச்சூட்டில் கைதிகள் பலரும் உயிரிழந்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோன கைதிக்கு என்ன ஆயிற்று என்று பிளாக்கில் கேட்டால், மேலதிகாரியிடம் கேட்டு உண்மையைச் சொல்லுங்கள். எதுவும் சொல்லாமல் நகர்ந்தால் இரவுக்குள் அவர்களாகவே ஒரு கதையைக் கட்டிவிடுவார்கள்.

கை நீளக் கூடாத இடம்

தண்டனை கொடுத்தது நீதிமன்றம். உள்ளே விதியை மீறினால் விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் கண்காணிப்பாளருக்கு. காவலருக்கு எந்தத் தண்டனை அதிகாரமும் இல்லை. பார்த்ததை எழுதிக் கொடுப்பது மட்டும்தான் அவர் வேலை. இது உங்களைச் சின்ன ஆளாக்குவதாக நினைத்தால் இந்த வேலை கசக்கும். என்னைக் கேட்டால் இது பெரிய விடுதலை. ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். பதிலுக்கு நீங்கள் ஜெயிக்க வேண்டியதில்லை, அறிக்கை எழுதினால் போதும்.

திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, சக கைதி ஒருவரைத் தலைமை வார்டர் சித்திரவதை செய்ததாக உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. சிறைக்குள் போவதால் ஒருவரின் அடிப்படை உரிமைகள் வாசலில் கழன்று விழுந்துவிடாது என்ற சட்ட நிலையை உறுதிசெய்த வழக்குகளில் இதுவும் ஒன்று, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. இன்று கடிதத்துக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், கேமரா இருக்கிறது.

பலத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டிய நேரம் வரும். இருவர் அடித்துக்கொண்டால் விலக்கித்தான் ஆக வேண்டும். தனியாகப் பாயாதீர்கள். விசில் ஊதி ஆள் வரவழைத்து, தேவையான அளவு மட்டும் பயன்படுத்தி, முடிந்ததும் இருவரையும் மருத்துவரிடம் காட்டி, அன்றே எழுதுங்கள். அடங்கிய பிறகு போடும் ஓர் அடிக்கு எந்தச் சட்டமும் துணை வராது.

பெண்கள் தனிச் சிறையில் பணியாற்றப் போகிறவர்களுக்கு ஒன்று. அம்மாவோடு குழந்தைகளும் இருப்பார்கள். ஆறு வயது வரை வைத்துக்கொள்ளலாம் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. அந்தக் குழந்தை கைதி அல்ல, அதன் பெயரைக் கணக்கில் சத்தமாகக் கூப்பிட வேண்டியதும் இல்லை. பல பெண்களுக்கு மனுவே வராது, வீட்டார் கைகழுவியிருப்பார்கள். அங்கே பேச்சு அதிகம் தேவைப்படும். 'அக்கா', 'அம்மா' என்று அவர்கள் ஒட்டிக்கொள்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுக் கதையை மட்டும் பதிலுக்குச் சொல்லாதீர்கள்.

வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது

நாள் முழுக்க அதட்டிய குரலிலேயே பிள்ளையிடம் "எங்கடா போனே?" என்று கேட்கத் தொடங்குவீர்கள். மனைவி முதலில் கவனிப்பார், நீங்கள் கடைசியில். இரவுப் பணி, பண்டிகை நாளில் கிடைக்காத விடுப்பு, குடியிருப்பில் சுற்றிலும் அதே துறைக்காரர்கள், அதே பேச்சு. துறைக்கு வெளியே இரண்டு நண்பர்களையாவது வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது விளையாட்டு இருந்தால் விடாதீர்கள். ஷிப்ட் முடிந்ததும் ஒரு குவார்ட்டர் என்ற பழக்கம் இந்த வேலையில் எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

"வெளிய வந்து உன்னப் பாத்துக்கறேன்" என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அது அந்த நேரத்துக் கோபம். ஆனாலும் தேதி போட்டு மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பதிலுக்குச் சவால் விட வேண்டாம்.

முதல் நிலைக் காவலர், தலைமைக் காவலர் என்று ஏறி, பதவி உயர்வில் உதவி ஜெயிலர் வரை போகலாம். பட்டம் இருந்தால் அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வெழுதி நேரடியாகவே உதவி ஜெயிலர் ஆகலாம். வேலூரில் 1979-இல் தொடங்கிய சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகப் பயிற்சி நிலையத்தில் தென் மாநில அதிகாரிகள் பயிற்சி பெறுகிறார்கள். படிப்பில் ஆர்வமுள்ள காவலருக்கு வேறு வாய்ப்பும் இருக்கிறது: சிறை நூலகம். சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் பொதுமக்களிடம் புத்தகம் திரட்டியது நினைவிருக்கலாம். வந்த புத்தகங்களைப் பிரித்து, யாருக்கு எது பிடிக்கும் என்று பார்த்துக் கொடுக்கும் காவலருக்குப் பிளாக்கில் தனி மரியாதை.

கடைசியாக, எல்லோருக்கும் ஒருநாள் நடக்கப்போவது. பேருந்து நிலையத்தில் குடும்பத்தோடு நிற்பீர்கள். விடுதலையான ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்பார். முகத்தைத் திருப்ப வேண்டாம், "நல்லா இருக்கேன்ப்பா, என்ன வேலை பாக்கறே?" என்று கேளுங்கள். எந்த ஜெயில், என்ன வழக்கு என்ற பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள்; அவரோடும் குடும்பம் நிற்கலாம், அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது. டீ குடிக்கலாம் என்று வற்புறுத்தினால் குடித்துவிட்டுக் காசை நீங்களே கொடுங்கள். போன் நம்பர் கேட்டால் கொடுக்க வேண்டாம். அவர் கூட்டாளிகளில் யாராவது இன்னும் உங்கள் பிளாக்கில் இருந்தால், மறுநாள் பணிக்குப் போனதும் இந்தச் சந்திப்பை ஜெயிலரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.